மூன்று கியர்பாக்ஸ் மவுண்ட் போன என் 1969 கமாரோவும், காரணத்தைக் கண்டுபிடித்த போன்டியாக் பட்டறையும்

"சத்தம் வரும்போது பின் சீட்டில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?"

போனில் அந்த மெக்கானிக் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். வண்டி என்ன மாடல், எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது. அதற்கு முன் ஒன்றரை வருடமாக, மூன்று மவுண்ட் மாற்றியும், யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே இந்த விமர்சனத்தை எழுதலாம் என்று தோன்றியது. மிச்சிகனில் பழைய மஸில் கார் (பெரிய என்ஜின் போட்ட அமெரிக்க வேகக் கார்) வைத்திருக்கும் நம் ஆட்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் யாருக்காவது இது பயன்படும். பட்டறை போன்டியாக் நகரத்தில் இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இரண்டு வண்டி நிறுத்தும் இடத்தில் ஏற்கனவே நான்கு வண்டிகள் காத்திருக்கின்றன. அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

முதலில் வண்டி. 1969 செவ்ரோலே கமாரோ, 350 கன அங்குல வி8. கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் இருந்தது டர்போ ஹைட்ராமேட்டிக் 350, மூன்று கியர் ஆட்டோமேட்டிக். எனக்கு முன் வைத்திருந்தவர் ஹைவேயில் சுகமாக ஓட வேண்டும் என்று அதை எடுத்துவிட்டு, 1982-இல் வந்த 700ஆர்4 கியர்பாக்ஸைப் போட்டிருந்தார். நான்கு கியர், கடைசியில் ஓவர் டிரைவ். நல்ல மாற்றம்தான், பலரும் செய்வது. 70 மைல் வேகத்தில் என்ஜின் அலறாமல் போகும். நான் வாங்கும்போது அதற்காகவே கொஞ்சம் அதிகம் கொடுத்தேன்.

வாங்கி ஐந்தாவது மாதம் முதல் மவுண்ட் போனது. தெரியாதவர்களுக்கு: கியர்பாக்ஸின் பின்பக்கம், அடியில், உள்ளங்கை அளவுக்கு ஒரு ரப்பர் கட்டை இருக்கும், மேலும் கீழும் இரும்புத் தகடு ஒட்டியது. மேல் தகடு கியர்பாக்ஸில், கீழ்த் தகடு வண்டிக்குக் குறுக்கே போகும் இரும்புச் சட்டமான கிராஸ் மெம்பரில். என்ஜின் பக்கம் இரண்டு மவுண்ட், கியர்பாக்ஸ் பக்கம் இது ஒன்று, மொத்தம் மூன்று காலில்தான் அத்தனை எடையும் உட்கார்ந்திருக்கிறது. இந்த ரப்பர் கிழிந்தால் கியர் விழும்போது தரைக்கு அடியில் "தொம்" என்று ஒரு அடி கேட்கும், நிற்கும்போது வண்டி உதறும், கியர் லீவர் லேசாக ஆடும்.

ரப்பர்தானே, 50 வருடப் பழைய வண்டிதானே என்று 18 டாலருக்கு ஒன்று வாங்கி நானே மாற்றினேன். அது ஒரு கோடைக்குக்கூட வரவில்லை. அடுத்து வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய கராஜுக்குக் கொண்டுபோனேன் (அவர்கள் பெயரும் வேண்டாம்). அவர்கள் வண்டியைத் தூக்கினார்கள், கியர்பாக்ஸின் வால் பக்கம் சிவப்பாக ஆயில் கசிந்திருப்பதைப் பார்த்தார்கள், "ஆயில் பட்டு ரப்பர் ஊறிப்போய்விட்டது" என்றார்கள். ஆயில் சீல் மாற்றி, புது ரப்பர் மவுண்ட் போட்டு 260 டாலர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆயில் பட்டால் ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும் என்பது உண்மையும்கூட.

அடுத்த வருடம் ஆகஸ்ட். உட்வர்ட் அவென்யூவில் 1995-இலிருந்து வருடாவருடம் ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை நடக்கிறதே, டிரீம் குரூஸ் என்ற பழைய கார்களின் ஊர்வலம், அதற்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். பின் சீட்டில் இரண்டு பையன்கள், டிக்கியில் மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டி, சாப்பாட்டுப் பை. ஒரு ரயில்வே கிராஸிங்கைத் தாண்டும்போது காலுக்கு அடியில் சுத்தியலால் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். பெரியவன் "அப்பா, ஏதோ விழுந்துடுச்சு" என்றான். ஒன்றும் விழவில்லை. மூன்றாவது மவுண்ட்டும் கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே கராஜ். ஆயில் இன்னும் கசிகிறது என்று மறுபடி சீல் மாற்றினார்கள். ரப்பர் தாங்காது, பாலியூரித்தேன் போட்டால் சாகும்வரை இருக்கும் என்று சிவப்பு நிறத்தில் கெட்டியான ஒரு மவுண்ட்டைப் போட்டு 410 டாலர் வாங்கினார்கள். பாரம் ஏற்றினால்தான் சத்தம் வருகிறது, தனியாக ஓட்டினால் வருவதில்லை என்று இரண்டு முறை சொன்னேன். தலையை ஆட்டினார்கள், எழுதிக்கொள்ளவில்லை. வண்டியை ரோட்டில் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு இன்றும் கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் நான் வேறு இடம் பார்த்திருப்பேன்.

அந்த பாலி மவுண்ட் கிழியவில்லை, சொன்ன மாதிரியே கெட்டியாக நின்றது. ஆனால் மூன்றே மாதத்தில் அதன் போல்ட் ஒன்று லூஸாகி, டைட் வைக்கப் போனால் சும்மா சுற்றியது. கியர்பாக்ஸ் உடலில் இருக்கும் அலுமினிய மரை உரிந்துவிட்டது. ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அடியை இப்போது கியர்பாக்ஸே வாங்க ஆரம்பித்திருந்தது. 18 டாலர் பொருள் போகட்டும், அந்த அலுமினிய உடலில் விரிசல் விட்டால் கியர்பாக்ஸையே மொத்தமாகக் கழற்றி இறக்க வேண்டும்.

அப்போதுதான் ஆபீஸில் கூட வேலை பார்க்கும் ஒருவர் இந்த போன்டியாக் பட்டறையைச் சொன்னார். போன் செய்து கதையைச் சொன்னதும் வந்த கேள்விதான் மேலே எழுதியது. அடுத்த கேள்வி: "பழைய மவுண்ட்டுகளை வைத்திருக்கிறீர்களா?" இரண்டு இருந்தன, முதலாவதைக் குப்பையில் போட்டுவிட்டிருந்தேன். "இருப்பதைக் கொண்டுவாருங்கள். கழுவாதீர்கள்."

மூன்று வாரம் காத்திருந்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை போனேன். மனிதருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டியை அவர் தொடவே இல்லை. முதலில் இரண்டு மவுண்ட்டையும் பெஞ்சில் வைத்து விளக்கைக் கிட்டே இழுத்தார். கட்டைவிரல் நகத்தால் ரப்பரை அழுத்தினார், என்னையும் அழுத்தச் சொன்னார். கெட்டியாக இருந்தது. ஆயிலில் ஊறிய ரப்பர் என்றால் நகம் மெத்தென்று இறங்கும், விளிம்பு உப்பியிருக்கும், விரலில் கறுப்பாக ஒட்டும். இதில் ஆயில் பின்பக்க முகத்தில் மட்டும் லேசாகப் படிந்திருந்தது. கிழிந்த இடத்துக்கு உள்ளே காய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. அடுத்து இரண்டு துண்டையும் பொருத்திப் பார்த்தார். மேல் தகடு கீழ்த் தகட்டைவிட முன்னால் தள்ளிப் போயிருந்தது, அதுவும் நேராக இல்லை, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து. இரண்டு மவுண்ட்டிலும் ஒரே மாதிரி.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். என்ஜின் முறுக்கினால் மவுண்ட் பக்கவாட்டில் கிழியும், ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்துக்குப் போகும். ஆயிலால் போனால் ஊறி நசுங்கும். இதுவோ முன்னால் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. கியர்பாக்ஸை யாரோ பின்னாலிருந்து என்ஜின் பக்கமாகத் தள்ளுகிறார்கள். பின்னாலிருந்து தள்ளக்கூடியது ஒன்றே ஒன்றுதான் அங்கே இருக்கிறது, கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீளக் குழாயான புரொப்பல்லர் ஷாஃப்ட்.

இதைச் சொன்ன பிறகும் அவர் நேராக ஷாஃப்ட்டுக்குப் போகவில்லை, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. என்ஜின் மவுண்ட்டைப் பார்க்காமல் கியர்பாக்ஸ் மவுண்ட்டைப் பற்றிப் பேசக்கூடாது என்றார். இந்த வண்டிகளுக்கு அதில் ஒரு வரலாறே இருக்கிறது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது என்ஜின் மவுண்ட்டுக்காகத்தான், 1967 முதல் 1969 வரையிலான வி8 கமாரோக்களும் அதில் சேர்த்தி. இடது பக்க மவுண்ட் கிழிந்தால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது என்ஜின் இடது பக்கம் மேலே எழும்பும், எழும்பும்போது ஆக்சிலேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுத்துவிடும், வண்டி தானாகவே இன்னும் வேகம் பிடிக்கும். அன்று கம்பெனி செய்த வைத்தியம், என்ஜின் மேலே எழாமல் பிடிக்க ஒரு இரும்புக் கம்பி வடம். என் வண்டியில் பின்னால் வந்த வகை மவுண்ட், ரப்பர் போனாலும் இரண்டு பாதியும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ளும் வகை, ஏற்கனவே மாற்றப்பட்டிருந்தது.

சோதனை எளிது. சக்கரத்துக்குக் கட்டை, கை பிரேக், கால் பிரேக்கை நன்றாக அழுத்தி டிரைவில் போட்டு லேசாக ஆக்சிலேட்டர். பானட் திறந்திருக்கும், அவர் பக்கவாட்டில் நின்று என்ஜினைப் பார்ப்பார். வண்டிக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது, இதை அவர் மூன்று முறை சொன்னார். என்ஜின் இடது பக்கம் கொஞ்சம் எழுந்து அடங்கியது, வழக்கமான அளவுதான். என்ஜின் மவுண்ட் நன்றாக இருக்கிறது. 700ஆர்4-இன் முதல் கியர் விகிதம் 3.06, பழைய டர்போ 350 கியர்பாக்ஸில் 2.52, அதனால் முறுக்கு இப்போது கூடுதல்தான், ஆனால் அது தனியாக இந்தக் கிழிசலைக் கொடுக்காது என்றார்.

அப்புறம்தான் வண்டியை மேலே ஏற்றினார். சக்கரம் தொங்கும் லிஃப்ட் இல்லை, நான்கு சக்கரமும் மேடையில் நிற்கும் லிஃப்ட். இதைக் கவனியுங்கள், வீட்டில் செய்பவர்கள் தவறுவது இங்கேதான். சக்கரம் தொங்கினால் பின் ஆக்சில் கீழே இறங்கிவிடும், ஷாஃப்ட் கியர்பாக்ஸிலிருந்து கொஞ்சம் வெளியே நகர்ந்துவிடும், நீங்கள் அளக்கும் அளவு வண்டி ரோட்டில் நிற்கும் நிலையின் அளவாக இருக்காது. வீட்டில் ஸ்டாண்டு வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் ஸ்டாண்டைப் பின் ஆக்சிலுக்கு அடியில் வையுங்கள்.

மேலே ஏற்றியதும் டார்ச்சை ஷாஃப்ட்டின் முன் கிராஸ் ஜாயின்ட்டுக்கு (ஷாஃப்ட் வளைந்துகொடுத்தபடி சுற்ற உதவும் மூட்டு) மேலே, தரைத்தகட்டின் அடிப்பக்கம் காட்டினார். அங்கே ஒரு விரல் அகலத்துக்குச் செம்பழுப்பு நிறத்தில் ஆயில் கோடு, கிராஸ் ஜாயின்ட்டைச் சுற்றி வளைவாக. சுற்றுகிற ஏதோ ஒன்றிலிருந்து தெறித்த ஆயில். சீல் கசிந்தால் ஆயில் சீலுக்குக் கீழே சொட்டும், இந்த ஜாயின்ட்டைச் சுற்றி வட்டம் போடாது. இரண்டு தடவை சீல் மாற்றியவர்கள் டார்ச்சை ஒரு சாண் பின்னால் நகர்த்தியிருந்தால் இதைப் பார்த்திருப்பார்கள்.

ஷாஃப்ட்டின் முன்முனையில் ஸ்லிப் யோக் என்று ஒரு குழாய் இருக்கிறது, அது கியர்பாக்ஸுக்குள் பல்லோடு பல் பொருந்தி, உள்ளே வெளியே நகர்ந்துகொடுக்கும். பின் ஆக்சில் மேலே கீழே போகும்போது நீளம் மாறுகிறதே, அதற்காக. அந்த யோக்கில் சீல் விளிம்பை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். பின்பக்க ஜாயின்ட்டைக் கழற்றி ஷாஃப்ட்டை முன்னால் தள்ளினார். "டக்". அவ்வளவுதான் போயிற்று. கோட்டுக்கும் சீலுக்கும் இடையே ஸ்கேலை வைத்தார். கால் அங்குலம்.

அங்கே முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம்வரை இருக்க வேண்டும்.

எல்லாம் அந்த ஒரு எண்ணில் விளங்கிவிட்டது. டர்போ 350-இன் குட்டை வால் வகையின் மொத்த நீளம் 27 11/16 அங்குலம், 700ஆர்4 30 3/4 அங்குலம். மூன்று அங்குலம் நீளமான கியர்பாக்ஸைப் போட்டால் ஷாஃப்ட்டை மூன்று அங்குலம் குறைக்க வேண்டும். முன்னால் வைத்திருந்தவர் போதுமான அளவு வெட்டாமல் விட்டிருக்கிறார். தனியாக ஓட்டினால் கால் அங்குல இடம் போதும். பின் சீட்டில் பையன்கள், டிக்கியில் சாமான், மிச்சிகன் ரோட்டுப் பள்ளம் என்று சேரும்போது பின்பக்கம் அழுந்தும், ஆக்சில் மேலே ஏறும், யோக் உள்ளே போய்க் கடைசியில் முட்டும். அதற்கு மேல் போக இடமில்லாதபோது கியர்பாக்ஸையே முன்னால் இடிக்கும். அந்த இடி முழுவதும் மவுண்ட்டுக்கு. அந்த வண்டியைப் பெரும்பாலும் தனியாக ஓட்டிய மனிதருக்கு இது தெரியவே வந்திருக்காது.

யோக்கை வெளியே எடுத்துக் காட்டினார். குழாயின் அடியில் ஒரு சின்ன உலோக மூடி அடித்து வைத்திருப்பார்கள். அதன் நடுவில் கால் டாலர் காசு அளவுக்கு ஒரு வட்டம், பளபளவென்று தேய்ந்து. கியர்பாக்ஸின் அச்சு முனை வந்து முட்டி முட்டிச் செய்த வட்டம். மூடி வெளிப்பக்கமாக லேசாக உப்பி, ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தது. ஆயில் வந்தது அந்த வழியாகத்தான். கசிவும் மவுண்ட் கிழிவதும் ஒரே காரணத்தின் இரண்டு அடையாளங்கள். ஒன்றை மற்றதின் காரணம் என்று எடுத்துக்கொண்டுதான் அந்தக் கராஜ் இரண்டு முறை பணம் வாங்கியது.

வலது பக்கம் சாய்ந்த கிழிசலுக்கும் விடை இருந்தது. 700ஆர்4-இல் மவுண்ட் இருக்கும் இடம் சுமார் இரண்டு அங்குலம் பின்னால் வரும், அதற்காகக் கிராஸ் மெம்பரைப் பின்னால் நகர்த்திப் புதுத் துளை போட்டிருந்தார்கள். இடது துளையும் வலது துளையும் ஒரே நேரில் இல்லை, கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம். கியர்பாக்ஸ் உடலுக்கு அடியில் மரக்கட்டையும் ஜாக்கியும் கொடுத்துவிட்டு மவுண்ட்டின் கீழ் நட்டைக் கழற்றினார், மவுண்ட் தானாகவே ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. அதாவது ஒவ்வொரு முறையும் புது மவுண்ட்டை முறுக்கி இழுத்துத்தான் போல்ட் போட்டிருக்கிறோம், நானும்தான். வண்டி நகரும் முன்பே ரப்பர் பாதி இழுபட்ட நிலையில். இந்தச் சோதனையை யார் வேண்டுமானாலும் வீட்டில் செய்யலாம். நட்டைக் கழற்றினால் போல்ட் துளையின் நடுவிலேயே நிற்க வேண்டும், குதித்து ஓரத்துக்குப் போனால் எங்கேயோ கோணல்.

கடைசியாகக் கோணம். கியர்பாக்ஸ் எத்தனை டிகிரி கீழே பார்க்கிறது, பின் ஆக்சில் எத்தனை டிகிரி மேலே பார்க்கிறது என்று காந்தம் வைத்த மானியால் அளந்தார். இரண்டும் ஏறக்குறைய சமமாகவும் எதிராகவும் இருந்தால் இரண்டு ஜாயின்ட்டின் அதிர்வும் ஒன்றையொன்று ஈடுகட்டி அடங்கிவிடும். என்னுடையதில் ஒரு டிகிரிக்குள் வித்தியாசம், பிரச்சினை இல்லை.

வேலை இப்படி முடிந்தது. ஷாஃப்ட்டை அவர் தெரிந்த இடத்துக்கு அனுப்பி முக்கால் அங்குலம் வெட்டி, பேலன்ஸ் செய்து, புது யோக், இரண்டு புது கிராஸ் ஜாயின்ட். கிராஸ் மெம்பர் துளையை வெல்டு வைத்து மூடி நேராகத் திரும்பப் போட்டார். உரிந்த மரைக்கு எஃகுச் சுருள் மரை. மவுண்ட்டுக்கு மறுபடி சாதாரண ரப்பர்தான் போட்டார். என்ஜின் பக்கம் மெத்தென்ற ரப்பரும் கியர்பாக்ஸ் பக்கம் கெட்டிப் பாலியும் இருந்தால் என்ஜின் அசைய, கியர்பாக்ஸ் அசைய மறுக்கும், இழுபறி அலுமினியத்தில் போய் முடியும் என்பது அவர் கட்சி. என் மரை உரிந்த கதைக்குப் பிறகு நானும் அதே கட்சி. முன்னும் பின்னும் ஒரே மாதிரி பாலி போட்டிருப்பவர்கள் கதை வேறு.

காசு: கண்டுபிடிக்க இரண்டரை மணி நேரம், மணிக்கு 90, ஆக 225 டாலர். ஷாஃப்ட் வேலை 310. மற்றது எல்லாம் சேர்த்து 270. மொத்தம் 805. குறைவில்லை, ஆனால் அந்தக் கராஜில் கொடுத்த 670-க்கு எனக்குக் கிடைத்தது உரிந்த மரை. கண்டுபிடிக்க மட்டும் தனியாகக் காசு வாங்குகிறாரே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த 225 டாலரை நான் மனதாரக் கொடுத்தேன். உண்மையில் நான் வாங்கியது அதைத்தான், மற்றது இரும்பு வேலை.

குறைகளும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார், வாய்ஸ் மெயில் விட்டால் இரண்டு நாள் கழித்துக் கூப்பிடுவார். மூன்று நாளில் முடியும் என்றது ஒன்பது நாள் ஆனது, காரணம் ஷாஃப்ட் போன இடத்தின் தாமதம், ஆனாலும் நான்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியிருந்தது. உட்கார இடம் கிடையாது. கார்டு வாங்கமாட்டார், செக் அல்லது ரொக்கம். அளவுகளை எழுதித் தரும் பழக்கமும் இல்லை, இந்த எண்களெல்லாம் நான் நின்று போட்டோ எடுத்து வைத்தது. பிற்காலத்தில் வண்டியை வாங்குகிறவருக்கு ஒரு தாள் இருந்தால் எவ்வளவு உதவும், அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

அன்றாடம் ஆபீஸ் போகும் வண்டியை அவரிடம் கொண்டுபோகாதீர்கள், அதற்கு அவருக்கு நேரமில்லை. ஒரே பாகம் இரண்டாம் தடவை போகிறது, மாற்றிய இடத்தில் காரணம் சொல்லவில்லை என்றால் போகலாம்.

வேலை முடிந்து இரண்டு கோடை ஆகிவிட்டன. போன மாதம் அடியில் படுத்துப் பார்த்தேன், ரப்பர் முழுசாக இருக்கிறது, தரைத்தகட்டில் நான் துடைத்துவிட்ட இடம் இன்னும் காய்ந்தே இருக்கிறது. அதே ரயில்வே கிராஸிங்கை, அதே இரண்டு பையன்களோடு, இப்போது இருவரும் இன்னும் கனமாகிவிட்டார்கள், தாண்டிப் போனோம். சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான், சத்தம் வரவில்லை.

போகிறவர்கள் கிழிந்த மவுண்ட் எதையும் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று மார்க்கரால் ஒரு அம்புக்குறி போட்டு.